ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு

டிலுசாவின் வாய் தன்பாட்டில் சிரிக்கத் தொடங்கியது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு வைகாசி மாதம், மண்ணெண்ணெய் விலை மறுபடியும் ஏறிய கிழமையில். உடையார்கட்டுச் சனம் அந்தக் கிழமை முழுக்க மண்ணெண்ணெயைப் பற்றியே கதைத்ததால், பிள்ளையின் வாயை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஞாயிறு காலைப் பூசையில், சுவாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்த நேரம், ஐந்து வயதுப் பிள்ளையின் சொண்டுகள் இரண்டும் காதுப் பக்கமாக இழுபட்டுப் பல் தெரிய விரிந்து நின்றன. தாய் சுசிலா தொடையில் கிள்ளினாள். பிள்ளையின் கண்ணில் நீர் வந்தது. வாய் சிரித்தபடியே இருந்தது. பூசை முடிந்து வீடு வந்து, தேத்தண்ணி ஆறுகிற நேரத்தில்தான் வாய் தானாக மூடிக்கொண்டது. அடுத்த ஞாயிறும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த ஞாயிறு சுசிலா பிள்ளையைக் கடைசி வாங்கில் இருத்தினாள்.

சுசிலாவும் புருசன் லோறன்சும் கொக்கிளாய்க்காரர். எண்பத்துநான்கில் ஆமிக்குப் பயந்து ஊரே எழும்பியபோது வலையையும் அந்தோனியார் சுருவத்தையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டவர்கள், இடம் மாறி இடம் மாறிக் கடைசியில் கடல் கண்ணுக்கே தெரியாத உடையார்கட்டில் ஒரு தென்னங்காணியின் மூலையில் கொட்டில் போட்டார்கள். லோறன்ஸ் விடிய முன்னம் சைக்கிளில் கரைக்குப் போய், கரைவலை இழுத்துவிட்டுப் பின்னேரம் திரும்புவான். தொண்ணூறில் டிலுசா பிறந்தாள், மேற்சொண்டு மூக்குவரை பிளந்தபடி. குடித்த பாலில் பாதி வெளியே வழிந்தது. வயிற்றில் பிள்ளையோடு கிரகணத்தன்று இவள் மீன் வெட்டியிருப்பாள் என்று அயல் பெண்கள் முடிவுகட்டினார்கள். அந்த வருசம் வெட்டுவதற்கு மீன் எங்கே கிடந்தது என்று சுசிலா திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிள்ளையின் வாயைச் சீலைத் தலைப்பால் மறைத்துத் திரியவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிற கனகலிங்கம் அந்தக் கொட்டிலுக்கு வந்தது தொண்ணூற்றுநான்கு கடைசியில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேறிய குடும்பம் அவருடையது. அவருடைய மச்சான் இளையதம்பி ரொறன்ரோவில் அரும்பு நலநிதியம் என்று ஒரு சங்கத்துக்குத் தலைவர். கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்விப்பது அதன் வேலை. வன்னியில் பிள்ளை பிடித்துக் கொடுப்பது கனகலிங்கத்தின் பொறுப்பு. ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும்: கனகலிங்கம் கள்ளன் இல்லை. ஒரு சதம் எடுத்தவரில்லை. கள்ளனாக இருந்திருந்தால் அவரை வெறுப்பது எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும். அவர் வந்த அன்று, சுசிலா ஓடிப்போய்ப் பிள்ளைக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, சீப்பால் தலை இழுத்து, கோயிலுக்கு உடுத்துகிற சட்டையோடு கூட்டி வந்தாள். கனகலிங்கத்தின் முகம் வாடிவிட்டது.

"தங்கச்சி, தலையை இழுக்காதேங்கோ. அந்தச் சட்டையையும் கழட்டி விடுங்கோ. இப்பிடி வடிவா நிண்டா ஆற்ற மனம் இளகும், சொல்லுங்கோ" என்றார்.

சட்டை கழன்றது. இழுத்த தலை மறுபடியும் குழம்பியது. கொட்டிலும் அவருக்குப் போதவில்லை, ஏனென்றால் லோறன்ஸ் போன மாதம்தான் புதுக் கிடுகு வேய்ந்திருந்தான். ஆகவே அடுத்த காணியில் கூரை இடிந்து கிடந்த ஆட்டுக்கொட்டில் வாசலில் பிள்ளையை நிறுத்தினார். பிள்ளை அழாமல் ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆட்டுக்குட்டியைத் தூரக் கொண்டுபோகச் சொன்னார். அது போனதும் பிள்ளை அழுதது, படம் எடுபட்டது. சுசிலா கழற்றிய சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளையின் சொண்டு பொருந்தும் என்றால் அவள் தானே ஆடாக நின்றிருப்பாள்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டை நின்றிருந்த சில மாதங்களில் பாதை கொஞ்சம் இளகியது. கனகலிங்கம் தாயையும் பிள்ளையையும் தாண்டிக்குளச் சோதனைச்சாவடி கடந்து, வவுனியாவில் ரயிலேற்றிக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். வைத்தியர் கைகாரர், தையலைக் கண் வைத்துத் தேடினால்தான் தெரியும். திரும்பி வந்த டிலுசா சோறு சிந்தாமல் சாப்பிட்டாள், பானா மானா எழுத்துகளைத் திருத்தமாகச் சொன்னாள், லோறன்சை "அப்பா" என்று அழுத்தமாகக் கூப்பிட்டாள். அதுவரை அவள் கூப்பிட்டது வெறும் மூச்சாகத்தான் வந்தது. அன்றிரவு லோறன்ஸ் சாப்பிடாமல், பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வைத்துக் கேட்டுக்கொண்டு இருந்தான். நிதியத்தை வாழ்த்தாத நாளில்லை அந்தக் கொட்டிலில். அதெல்லாம் வைகாசி மாதம் வரையில்.

தொண்ணூற்றாறில் பெரிய வெள்ளியன்று வியாகுலப் பிரசங்கம் பாடப் பாடக் கோயிலே அழுதது. டிலுசா சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிழைத்து அடி வாங்கினாள், அடி விழவும் சிரித்தாள், சிரித்ததற்கு மேலும் இரண்டு விழுந்தது. அந்த ஆவணியில் கனகலிங்கம் ஜெனரேற்றரும் ரீவியும் கொண்டுவந்து, ரொறன்ரோவில் நடந்த நிதியத்தின் விருந்தை வீடியோவில் ஊருக்குக் காட்டினார். கோட் போட்ட இளையதம்பி ஒலிவாங்கியைப் பிடித்து, இந்தப் பிள்ளைக்கு நாங்கள் கொடுத்தது ஒரு சிரிப்பு என்றார். ஆட்டுக்கொட்டில் படமும் சொண்டு பொருந்திய படமும் பக்கத்துப் பக்கத்தில் திரையில் விழ, மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. வீடியோவின் மூலையில் நாளும் நேரமும் எழுதிக் கிடந்தன. சுவாமியார் விரல் மடித்துப் பார்த்தார். அங்கே சனி இரவு விருந்து மேசையில் இருக்கிறபோது இங்கே ஞாயிறு காலைப் பூசை. அவர் மெல்ல எழும்பிச் சுசிலாவிடம் வந்து, பிள்ளையில் பிழை இல்லை, இனி அதைக் கிள்ள வேண்டாம் என்று சொன்னார். அங்கே யாராவது ஒருவர் தான் கொடுத்ததைப் பற்றி இன்னொருவருக்குச் சொல்கிறபோதெல்லாம் இங்கே டிலுசாவின் வாய் விரிகிறது என்பது அன்றிலிருந்து ஊரறிந்த சங்கதி ஆயிற்று.

சனம் எதற்கும் பழகிவிடும். செல் விழுகிற சத்தத்துக்குப் பழகிய சனம் ஒரு பிள்ளையின் வாய்க்குப் பழகாதா? வெளிநாட்டில் ஆளுள்ளவர்கள் காலையில் வேலியால் எட்டிப் பார்த்து, பிள்ளை சிரிக்குதோ, அப்ப அங்கை விருந்துதான், மகன் இண்டைக்குக் கடிதம் எழுதான் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். சிரிப்பு அகலமாக இருந்தால் பெரிய மண்டபம் என்றும், ஒரு பக்கம் மட்டும் கோணினால் யாரோ கிளாசோடு நின்று ஒருத்தருக்குத் தனியாகச் சொல்கிறார் என்றும் பிரித்தறியவும் பழகினார்கள். பிள்ளையின் தாடை நொந்ததும், சொண்டின் ஓரம் வெடித்து இரத்தம் கசிந்ததும் வேலிக்கு வெளியே தெரியவில்லை. சுசிலா இரவில் தேங்காயெண்ணெய் பூசிவிடுவாள். பூசுகிற விரலுக்குக் கீழேயே சில நேரம் சொண்டு இழுபடும்.

கடற்கரைச் சனத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கரைவலைக் கயிற்றில் கை வைத்த எவனுக்கும் கறிமீன் உண்டு. வழியால் போனவன் நின்று இரண்டு இழுவை இழுத்தாலும், அவன் முன்னால் ஒரு கை மீனை மணலில் போட்டுவிடுவார்கள். அவன் பொறுக்கிக்கொண்டு போவான். அவனும் ஒன்றும் சொல்லமாட்டான், இவர்களும் சொல்லமாட்டார்கள். மீனை எடுத்தவன் கயிற்றை விட்டவன், அத்தோடு சரி. கறிமீன் கொடுக்காமல் ஒருவனை அனுப்புவதுதான் பெரிய அவமரியாதை. தொண்ணூற்றேழில் ஒரு நாள் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தபோது சுசிலாவுக்கு எல்லாம் வெளித்தது. கனடாக்காரர் வந்து கயிறு இழுத்தார்கள். நாங்கள் கறிமீன் கொடுக்காமல் அனுப்பிவிட்டோம். அதனால்தான் கையை எடுக்காமல் இன்னும் பிள்ளையின் சொண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். லோறன்சும் யோசித்துப் பார்த்துவிட்டு, ஓம், எங்களில்தான் பிழை என்றான். அவன் விற்காமல் கொண்டுவந்த நல்ல அறக்குளா மீனைக் கீறி, உப்பிட்டு, மணல் படாமல் பரணில் காயவைத்து, ஓலைப்பெட்டியில் கட்டினார்கள். கனகலிங்கம் அதைக் கனடா போகிற ஒருவர் கையில் கொடுத்துவிட்டார்.

அங்கே நடந்த மாதிரியொரு பிழையை வேறு எந்தச் சனமும் விட்டிருக்காது. ரொறன்ரோவில் அந்தக் கருவாட்டை யாரும் சமைக்கவில்லை. ஒரு ஏழைத் தாயின் நன்றிக்கடன் என்று சொல்லி, பட்டுத்துணி விரித்த தட்டில் வைத்து, ஆண்டு விருந்தில் ஏலம் விட்டார்கள். ஏலத்தில் எடுத்தவர் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி விறாந்தையில் தொங்கவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்க, அவர் முதலிலிருந்து கதை சொல்ல, உடையார்கட்டில் பிள்ளையின் வாய் கிழமைக்கணக்கில் மூடவில்லை. தண்ணீர் குடிப்பதற்குச் சொண்டைக் கையால் கூட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏலத்துக் கதையைக் கனகலிங்கம் கண் கலங்கச் சொன்னபோது லோறன்ஸ் எழும்பிப் போய்க் காணி மூலையில் துப்பிவிட்டு வந்தான். தின்னக் கொடுத்த மீனைத் தின்னாமல் தொங்கவிட்டவர்களை அவன் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் லோறன்ஸ் கடலில் துவக்குச் சூடு பட்டுச் செத்தான். உடல் கரைக்கு வந்தது, உழவு இயந்திரத்தில் வீட்டுக்கு வந்தது. சுசிலா விழுந்து அழுதாள், ஊர் அழுதது. பெட்டியின் தலைமாட்டில் நின்ற டிலுசாவின் வாய் மட்டும் மலர்ந்து நின்றது. ஐரோப்பாவில் நிதியத்துக்குக் கிளை திறந்த நாள் அது. பிள்ளை அழத்தான் பார்த்தது. ஆனால் அழுகைக்குச் சொண்டு கீழே விழவேண்டும், வாய் கோணவேண்டும். அது ஒன்றும் அவள் கையில் இருக்கவில்லை. கண்ணீர் ஓடி வந்து விரிந்த சொண்டில் தேங்கியது. கனகலிங்கமும் செத்தவீட்டுக்கு வந்திருந்தார். உண்மையாகவே அழுதார். பிறகு பிள்ளையின் முகம் அவர் கண்ணில் பட்டது. அழுதுகொண்டே பையைத் திறந்து கமராவை எடுத்தார். பெண்கள் ஏசத் தொடங்கும் முன்னம் படம் எடுபட்டுவிட்டது. சேமக்காலையில் மண் போட்டு வந்த பிறகு, குசினி மூலையில் குந்தியிருந்த பிள்ளை தாயைக் கூப்பிட்டது.

"அம்மா, நான் அப்பாவுக்கு அழேல்லை."

"அழலாம் அம்மா. வாய் சும்மா இருக்கேக்க அழலாம்."

வாய் சும்மா இருக்கவில்லை. தொண்ணூற்றொன்பதுக்கு நிதியம் நாள்காட்டி அடித்தது. துயரிலும் மலரும் அரும்பு என்று கீழே எழுதி, மேலே டிலுசாவின் முகம். பெட்டியையும் பிரேதத்தையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். தோளருகில் ஒரு மெழுகுதிரி மட்டும் வெட்டுப்படாமல் நின்றதால், பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று நினைத்தவர்களும் உண்டு. நாடு நாடாக, வீடு வீடாக அது சுவரில் ஏறியது. ஒரு நாட்டில் காலை விடிந்து ஒருவர் தாள் கிழிக்க, இன்னொரு நாட்டில் ஒருத்தி வந்த விருந்தாளிக்குப் படத்தைக் காட்ட, பிள்ளையின் வாய் இரவிலும் மூடாமல் போயிற்று. நித்திரையிலும் பல் தெரியச் சிரித்தபடி கிடக்கிற பிள்ளையைப் பார்க்கச் சுசிலாவுக்குப் பயமும் அருவருப்பும் சேர்ந்து வந்தன. தன் வயிற்றில் பிறந்த முகத்தைப் பார்த்து அருவருக்க வைத்துவிட்டார்களே என்பதுதான் அவளால் பொறுக்க முடியாததாக இருந்தது. செத்தவீடுகளுக்குப் பிள்ளையின் வாயைச் சுற்றித் துணி கட்டிக் கூட்டிப்போனாள். முன்பு பிளவை மறைத்த சீலைத் தலைப்பு இப்போது சிரிப்பை மறைத்தது. அவள் அந்தோனியாரிடம் கேட்டது இவ்வளவுதான்: இந்தப் பிள்ளை தகப்பனுக்காக ஒருக்கா வாய் விட்டு அழவேண்டும்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு நாள்காட்டியில் இளையதம்பி தன் படத்தையே போட்டார். டிலுசாவின் வாயில் இறுக்கம் சற்றுக் குறைந்தது, விடவில்லை. அந்த மாசியில் அவரே மன்னார்ப் பக்கத்தால் வன்னிக்குள் வருகிறார் என்று கனகலிங்கம் சொன்னதும், சுசிலா ஒரு வசனத்தைத் தயார் பண்ணினாள். கிணற்றடியில், அடுப்படியில், வலைத்துண்டு பொத்துகிறபோது அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஐயா, நீங்கள் செய்தது பெரிய உபகாரம், இனி எங்களை மறந்துபோங்கோ. மரியாதை குறையாமலும், சொல்ல வேண்டியது குறையாமலும் அதைச் செதுக்கி வைத்திருந்தாள்.

பள்ளிக்கூட வளவில் குலைவாழை கட்டி, நிறைகுடம் வைத்து, ஒலிபெருக்கி போட்டார்கள். பதினொரு வயதில் நெடுநெடுவென்று வளர்ந்து நின்ற டிலுசாவை இளையதம்பி ஒருமுறை பார்த்தார். தழும்பைத் தேடினார். அது தெரியாத அளவுக்கு நன்றாகப் பொருந்தியிருந்தது. அவருக்கு அதில் ஒரு ஏமாற்றம். மாலை போடுவதற்கு ஸ்கந்தபுரத்திலிருந்து கஜனி என்ற சின்னப்பிள்ளையைக் கொண்டுவந்திருந்தார்கள். விமலேஸ்வரி என்ற கமக்காரப் பெண்ணின் மகள், இதயத்தில் ஓட்டை, நகமெல்லாம் நீலம். நாலு அடி நடக்க மூச்சு வாங்கி மடியில் சாய்ந்துவிடுகிற பிள்ளை. இளையதம்பி அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, அடுத்தது இந்த இதயம் என்று ஒலிவாங்கியில் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. பேச்சு முடிந்து அவர் கீழே இறங்குகையில், சுசிலா மகளையும் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். வாயைத் திறக்கும் முன்னம் அவர் கேட்டார்.

"நீங்கள் ஆர் அம்மா?"

கனகலிங்கம் குனிந்து, இதுதான் அந்தச் சொண்டுப் பிள்ளையின்ர தாய் என்றார். இளையதம்பி நெற்றியைச் சுருக்கினார். "எந்தப் பிள்ளை?" என்றார்.

உண்மையாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. புது இதயம் வந்து இருந்த இடம் எல்லாவற்றையும் நிறைத்துவிட்டது. சுசிலா நாட்கணக்காகச் செதுக்கிய வசனம் சொல்லப்படாமலே கிடக்க, பிடித்திருந்த பிள்ளையின் கை நழுவியது. திரும்பினாள். டிலுசாவின் சொண்டின் ஓரங்கள் மெல்லக் கீழே இறங்கின, நடுங்கின, கோணின. பிறகு வாய் பிளந்து, அப்பா என்ற சத்தம் அதிலிருந்து வந்தது. இரண்டு வருசத்துக்கு மேல் உள்ளே கிடந்த சத்தம். குலைவாழைக்குக் கீழே மண்ணில் விழுந்து, தலையில் அடித்து, என்னை விட்டிட்டுப் போனியே என்று அவள் அழுதாள். நன்றி தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்து இளையதம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊர்ச்சனத்துக்கு என்னவென்று தெரியும். ஒருவர் போய் ஒலிபெருக்கியை நிற்பாட்டினார். பெண்கள் வந்து சுசிலாவையும் பிள்ளையையும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு மதிலோரமாகக் குந்தினார்கள். விருந்தினரின் வாகனம் எப்போது போனது என்று ஒருவரும் கவனிக்கவில்லை. அன்று அந்தக் கொட்டிலில் அடுப்பு மூட்டவில்லை, அயலவர்தான் சோறு கொண்டுவந்தார்கள். மறுநாள் சுவாமியார் லோறன்சுக்குப் பூசை வைத்தார், புதிதாகச் செத்தவனுக்கு வைக்கிற மாதிரியே.

கஜனிக்கு அந்த ஆனியில் கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்து, நன்றாகவே முடிந்தது. கார்த்திகையில் ஒரு ஞாயிறு விடிய, சுசிலா டிலுசாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஸ்கந்தபுரம் போனாள். அந்தத் தாய்க்குச் சொல்ல அவளிடம் விசயம் இருந்தது. பிள்ளையைக் கிள்ள வேண்டாம் என்றும், இது எத்தனை வருசமானாலும் ஒரு நாள் விடும், அவர்கள் மறந்தால் விடும் என்றும் சொல்லித் தேற்ற நினைத்தாள். படலையடியில் இறங்கும்போதே சத்தம் கேட்டது, உரலில் நெல் குத்துகிற மாதிரி. வீட்டில் உரல் இல்லை. முற்றத்துப் பாயில் கஜனி உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள், நகம் சிவந்திருந்தது, அவள் நெஞ்சிலிருந்துதான் அந்தச் சத்தம் வேலி தாண்டிக் கேட்டது. விமலேஸ்வரி கதிரை எடுத்துப் போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள். ஞாயிறு காலையில்தான் பலமாக அடிக்கும் என்றும், வயலில் நின்றாலும் தனக்குக் கேட்கும் என்றும் சாதாரணமாகச் சொன்னாள்.

"சத்தம் கேட்டா எனக்கு நிம்மதி அக்கா. கேக்காத நேரத்திலதான் பயமாக் கிடக்கு. போன கிழமை கொஞ்ச நேரம் நிண்டுபோச்சு, பிள்ளை நீலமாப் போனாள்."

சுசிலா கொண்டுவந்த கதையைச் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தாள். ரொறன்ரோவில் இப்போது சனி இரவு. மண்டபத்தில் ஆட்கள் இருப்பார்கள். இளையதம்பி ஒலிவாங்கியைப் பிடித்திருப்பார். அவர் பேசட்டும், நிறுத்தாமல் பேசட்டும், இந்தப் பிள்ளையை ஒருநாளும் மறக்காமல் இருக்கட்டும் என்று தன் மனம் அந்தோனியாரைக் கேட்பதைச் சுசிலா கண்டாள். எழும்பி வேலியோரம் போய்த் துப்பினாள். வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். டிலுசா பாயில் கஜனிக்குப் பக்கத்தில் இருந்து அவளுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தாள். சத்தம் அடித்துக்கொண்டிருந்தது. வயல் என்ன மாதிரி, இந்த முறை மழை காணுமோ என்று சுசிலா கேட்டாள்.